ஸ்க்ரோல் சா புதுசா தொடுறவங்க கேக்கற கேள்விகளும் நம்ம பதிலும், குன்னூர் பக்கத்துல இருந்து

நான் ஆசாரி இல்லைங்க, மொதல்லயே சொல்லிடறேன். டீ ஃபேக்டரி ஆபீஸ்ல கணக்கு பாக்கற ஆளு. வீட்டுக்குப் பின்னாடி கோழிக்கூடா கெடந்த தகர ஷெட்ட காலி பண்ணி ஒரு ஸ்க்ரோல் சா (மரத்துல வளைவு வளைவா வெட்டற சின்ன ரம்ப மிஷின்) போட்டு அஞ்சு வருசம் ஆகுது, பெயர்ப்பலகை, பசில், சாமி மாடத்துக்கு ஓட்டை ஓட்டையா வெட்டின ஜாலித் தட்டி இப்படி எதாச்சும் வெட்டிட்டு இருப்பேன். வீட்டுக்கு வர்றவங்க, வாட்ஸ்ஆப்ல ஃபோட்டோ பாத்துட்டு கேக்கறவங்க, எல்லாரும் சுத்திச் சுத்தி அதே கேள்விங்களத்தான் கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி விரல் தேஞ்சதுதான் மிச்சம். அதான் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

கே: இது என்ன மிஷின், பாத்தா தையல் மிஷின் மாதிரி இருக்கே?

அதேதாங்க. தையல் மிஷின்ல ஊசி ஒரே இடத்துல மேலயும் கீழயும் போகும், துணிய நாம திருப்பறோம். இதுல ஊசிக்குப் பதிலா நூல் மாதிரி மெல்லிசான பிளேடு, துணிக்குப் பதிலா பலகை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் ஒரு மாசம் முக்கி முக்கி பழகின வளைவ எங்க வீட்டுக்காரம்மா மொத நாளே சுத்தமா வெட்டிட்டாங்க, ஏன்னா அவங்க இருவது வருசமா ஜாக்கெட் தைக்கறாங்க, கை தானா திரும்புது. தையல் தெரிஞ்சவங்க யாராச்சும் வீட்டுல இருந்தா அவங்க கிட்ட மொதல்ல குடுத்துப் பாருங்க.

கையில புடிச்சு ஓட்டற ஜிக் சாவோட இத குழப்பிக்காதீங்க, அதுல மிஷின் நகரும், இதுல மரம்தான் நகரும். நீளமா பலகை கிழிக்கறதுக்கோ கட்டில் கால் அறுக்கறதுக்கோ இது ஆகாது. சின்ன வேலை, வளைவு வேலை, உள்ளுக்குள்ள ஓட்டை விட்டு வெட்டற வேலை, இதுக்குத்தான் இது. ஜிக்சா பசில்னு சொல்றோமே, அதையே லண்டன்ல ஜான் ஸ்பில்ஸ்பரினு ஒருத்தர் 1760கள்ல மேப்ப பலகையில ஒட்டி நாடு நாடா அறுத்து, பசங்களுக்கு பூகோளம் படிக்கனு வித்ததுலதான் ஆரம்பிச்சதுனு சொல்லுவாங்க. அவரு கை ரம்பத்துலதான் அறுத்தாரு, நம்ம கிட்ட மோட்டார் இருக்கு, அதுக்கே கை நடுங்குது.

கே: மிஷின் வாங்கறப்ப என்ன பாக்கணும்? 16 இஞ்சா 20 இஞ்சா?

16 இஞ்ச் போதும். அந்த அளவு பிளேடுல இருந்து பின்னாடி தூண் வரைக்கும் இருக்கற தூரம், அதாவது அதுக்குள்ள பலகைய திருப்ப முடியும்னு அர்த்தம். வீட்டு வேலைக்கு அத தாண்டி வர்றது வருசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ.

இஞ்ச விட முக்கியமானது பிளேடு மாட்டற விதம், இத யாரும் கடையில சொல்ல மாட்டாங்க. பிளேடுல ரெண்டு சாதி இருக்கு. ஒண்ணு ரெண்டு முனையிலயும் குறுக்கால குட்டி ஊசி வச்சது, மாட்டறது ரொம்ப சுலபம், கொக்கில மாட்டற மாதிரி. இன்னொண்ணு வெறும் முனை, அத ஸ்க்ரூ போட்டு இறுக்கணும். சுலபமா இருக்கேனு மொதல் வகை மட்டுமே போடற மிஷின வாங்கிட்டீங்கனா மாட்டிக்கிட்டீங்க, ஏன்னா எழுத்துக்கு உள்ள வெட்டணும்னா ஓட்டை போட்டு பிளேட அதுல நுழைக்கணும், அந்தக் குறுக்கு ஊசி நுழையணும்னா ஓட்டை 5 மி.மீ. ஆச்சும் வேணும், ஒரு சின்ன வ எழுத்தோட சுழியே 5 மி.மீ. தான் இருக்கும், அப்புறம் சுழி எங்க இருக்கும்? வெறும் முனை பிளேடுக்கு ஒன்றரை ரெண்டு மி.மீ. ஓட்டை போதும். நான் அவசரப்பட்டு ஊசி வகை மட்டும் போடற மிஷின வாங்கி ரெண்டு வருசம் அழுதுட்டு, அப்புறம் அத வித்துட்டு வேற வாங்கினேன். ரெண்டு வகையும் போடற மிஷின் இருக்கு, கேட்டு வாங்குங்க.

அடுத்தது வேகத்த கூட்டிக் குறைக்கற திருகு. சாதாரணமா நிமிசத்துக்கு 400ல இருந்து 1600 தடவை மேலயும் கீழயும் போற மாதிரி இருக்கும். ஒரே வேகத்துல ஓடற மிஷின் வேண்டாம், மொதல் மாசம் பூரா நீங்க கீழ்க் கோடிலதான் ஓட்டப் போறீங்க.

அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரங்க கொண்டு வர்றேனு சொன்னா அன்புக்கு ஒரு கும்பிடு போட்டு வேண்டாம்னுடுங்க. அங்க 120 வோல்ட், நமக்கு 230, நேரா சொருகினா மோட்டார் புகையா போயிரும், அதுக்குனு ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைக்கறதுக்கு இங்கயே ஒண்ணு வாங்கிடலாம்.

கே: மலையில எங்கயும் கிடைக்கலையே அண்ணா?

கிடைக்காது. ஊட்டி, குன்னூர் ஹார்டுவேர் கடைல கேட்டா ஜிக் சாவ எடுத்து காட்டுவாங்க. கோயம்புத்தூர்ல பெரிய டூல்ஸ் கடையில சொல்லி வச்சு வாங்கலாம், இல்ல ஆன்லைன். மிஷின் கனமா இருந்தா நல்லது, லேசா இருந்தா ஓடறப்ப மேசை மேல நடக்கும். நான் கனம்னு தெரியாம மேட்டுப்பாளையத்துல இருந்து பஸ்ல மடியில வச்சுட்டு வந்தேன், பர்லியார் தாண்டறதுக்குள்ள ரெண்டு தொடையும் மரத்துப் போச்சு.

கே: பிளேடு நம்பர் ஒண்ணும் புரியல. எது வாங்கறது?

5ம் நம்பர், அடுத்த கேள்வி.

சரி கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். நம்பர் ஏற ஏற பிளேடு அகலம், நம்பர் இறங்க இறங்க மெல்லிசு, ஜீரோவுக்கும் கீழ ரெண்டு ஜீரோ மூணு ஜீரோனு இன்னும் மெல்லிசா போகும். நீளம் எல்லாத்துக்கும் 5 இஞ்ச்தான். 5ம் நம்பர் அகலம் கிட்டத்தட்ட 1 மி.மீ., தடிப்பு 0.4 மி.மீ., கால் இஞ்ச் ப்ளைவுட்ல இருந்து முக்கா இஞ்ச் பலகை வரைக்கும் தாங்கும், வளைவும் திரும்பும், சீக்கிரம் உடையவும் உடையாது. 3 மி.மீ. ப்ளைவுட்ல நுணுக்க வேலைனா 2 இல்ல 3. தடி பலகைல பெரிய வளைவுனா 7 இல்ல 9.

வாங்கறப்ப ரிவர்ஸ் டூத்னு கேட்டு வாங்குங்க. மத்த பல்லெல்லாம் கீழ பாத்து இருக்கும், கடைசி சில பல்லு மட்டும் மேல பாத்து இருக்கும், அதனால பலகையோட அடிப்பக்கம் சிலாம்பு சிலாம்பா கிளம்பாது, ப்ளைவுட்டுக்கு இது பெரிய உபகாரம், உப்புத்தாள் தேய்க்கற வேலை பாதியாகும். கம்பெனி பேருனா ஸ்விஸ் பெகாஸ், அமெரிக்க ஓல்சன் ரெண்டும் உலகம் பூரா ஓடற பிளேடு, டஜன் கணக்குலதான் விக்கும்.

ஒரு குறுக்கு வழி சொல்றேன். நகை ஆசாரிங்க தங்கத்த அறுக்கற பிளேடும் கிட்டத்தட்ட இதே 5 இஞ்ச் நீளம், வெறும் முனைதான். கோயம்புத்தூர் ராஜவீதி பக்கம் நகைப்பட்டறை சாமான் விக்கற கடைங்கள்ல கட்டு கட்டா கிடைக்கும். மெல்லிசு ப்ளைவுட்டுக்கும் பித்தளைத் தகட்டுக்கும் நல்லா ஓடும், ஆனா தடி மரத்துல போட்டா பல்லு ரொம்ப நெருக்கம், தூள் அடைச்சு சூடாகி கருகிடும்.

கே: பிளேட எந்தப் பக்கம் மாட்டணும், எவ்வளவு இறுக்கணும்?

பல்லு உங்கள பாத்து, நுனி கீழ பாத்து. கண்ணுக்குத் தெரியலனா விரல மெதுவா மேல இருந்து கீழயும் கீழ இருந்து மேலயும் தடவிப் பாருங்க, மேல போறப்ப கொக்கி மாதிரி இழுத்தா சரியா மாட்டிருக்கீங்க. தலைகீழா மாட்டினா பலகை டகடகனு குதிக்கும், மிஷின் கெட்டுப்போச்சுனு எனக்கு ஃபோன் பண்ணின நாலு பேர்ல மூணு பேரு தலைகீழாத்தான் மாட்டிருந்தாங்க.

இறுக்கறதுக்கு அளவு காதுதான். பிளேட நகத்தால சுண்டுங்க, டப்புனு செத்த சத்தம் வந்தா பத்தாது, டிங்னு தந்தி மாதிரி கேக்கணும். இல்லனா நடுவுல விரல வச்சு பக்கவாட்டுல அமுக்குங்க, 3 மி.மீ.க்கு மேல வளையக்கூடாது. புது பிளேடு அஞ்சு நிமிசம் ஓடினதும் கொஞ்சம் நீளும், நிறுத்தி மறுபடி ஒருக்கா சுண்டிப் பாத்துக்கங்க. புதுசா பழகறவங்க சொல்ற புகார்ல முக்காவாசி, கோடு தள்ளிப் போகுது, வெட்டு சரிவா விழுது, மூலை உருண்டு போச்சு, எல்லாமே தொளதொள பிளேடுனாலதான்.

அப்படியே ஒரு மூலைமட்டத்த வச்சு பிளேடுக்கும் டேபிளுக்கும் நேர் கோணமானு பாத்துடுங்க. மூலைமட்டம் இல்லனா ஒரு தடி மரத்துண்டுல லேசா ஒரு கீறல் வெட்டுங்க, துண்ட அப்படியே டேபிள் மேல அரை வட்டம் திருப்பி பிளேடோட முதுகுப் பக்கம் கொண்டு போங்க, அதே கீறலுக்குள்ள பிளேடு இடிக்காம நுழைஞ்சா டேபிள் சரி.

கே: மொதல்ல என்ன வெட்டிப் பழகறது?

எல்லாரும் யானை, மயில்னு ஆரம்பிக்கறாங்க. வேண்டாம். தமிழ் எழுத்து வெட்டுங்க, அதுலயே எல்லா பாடமும் இருக்கு.

மொதல் எழுத்து ட. ரெண்டே நேர் கோடு, ஒரு உள் மூலை. நேர் கோடு வெட்டறது வளைவ விட கஷ்டம்னு அப்பத்தான் தெரியும். உள் மூலைக்கு வந்ததும் தள்றத நிறுத்துங்க, பிளேடு ஓடிட்டே இருக்கட்டும், ஒரு மயிரிழை பின்னாடி இழுத்து, பல்லு வேஸ்ட் பக்கம் லேசா ஒரசற மாதிரி வச்சுட்டு பலகைய பிளேடு முதுகச் சுத்தி வெடுக்குனு திருப்புங்க, பிளேடு தனக்கு வேணுங்கற எடத்த தானே பண்ணிக்கும். மெதுவா திருப்பினா மூலை உருண்டுடும், இது ஒண்ணுதான் இந்த வேலையில சட்டுனு செய்யற காரியம்.

அடுத்து ப, ரெண்டு உள் மூலை. அப்புறம் வ, அதுல மொதல் தடவையா சுழிக்குள்ள ஓட்டை போட்டு வெட்டறது வரும். அப்புறம் ரெண்டு சுழி ன. மூணு சுழி ண வரப்ப நீங்க பாதி கத்துக்கிட்டீங்கனு வச்சுக்கங்க. ழ கடைசி, ஏன்னா அந்த வால் கீழ மெல்லிசா வளைஞ்சு வரும், சாதா பலகைனா அந்த இடத்துல ரேகை, அதாவது மரத்தோட நார் ஓடற வாட்டம், குறுக்க ஓடும், வெட்டி முடிச்சு கையில எடுக்கறப்பவே டப்புனு வால் மட்டும் தனியா வந்துடும். எனக்கு நாலு ழ அப்படித்தான் போச்சு. ழவுக்கு ப்ளைவுட் எடுங்க, அதுல அடுக்குக்கு அடுக்கு ரேகை மாறி மாறி ஒட்டிருக்கறதால எந்தப் பக்கமும் உடையாது.

கே: பெயர்ப்பலகை வெட்டினா புள்ளியெல்லாம் கீழ விழுந்துடுதே?

விழத்தான் செய்யும், இங்கிலீஷ் எழுத்துக்கு இந்தத் தொல்லை அவ்வளவா இல்ல, நமக்கு புள்ளி, கொம்பு, துணைக்கால்னு எல்லாம் தனித்தனியா நிக்கும். இங்க நம்ம ஊர் பேருங்களயே பாருங்க. நீலகிரினு வெட்டினா ஒரு புள்ளியும் இல்ல, ஒரு கொம்பும் இல்ல, நாலே துண்டு, ஜாலியா வெட்டலாம். குன்னூர்னா ரெண்டு புள்ளி. ஊட்டினா ஒரு புள்ளி. கோத்தகிரினு வெட்டச் சொல்லி ஒருத்தர் கேட்டாரு, கோ ஒரு எழுத்துதான், ஆனா ரெட்டைக் கொம்பு ஒரு துண்டு, க ஒரு துண்டு, துணைக்கால் ஒரு துண்டு, அப்புறம் த்துக்கு மேல புள்ளி வேற.

வழி ரெண்டு. பின்னாடி ஒரு பலகை வச்சு எழுத்து, புள்ளி எல்லாத்தயும் அது மேல ஒட்டறது. இதுதான் சுத்தம், ஒட்டறப்ப பிரிண்ட் எடுத்த தாளயே அடியில வச்சு இடம் பாத்துக்கலாம். இன்னொண்ணு, எழுத்துக்கு அடியில நீளமா ஒரு பட்டை விட்டு எல்லா எழுத்தயும் அதோட சேத்து ஒரே துண்டா வரையறது, புள்ளிய மட்டும் எழுத்து தலையோட லேசா ஒட்டற மாதிரி இறக்கி வரையணும். தாளுல வரையறப்பவே இத முடிவு பண்ணிடுங்க, வெட்டின பிறகு யோசிச்சா புள்ளிய மரத்தூளுக்குள்ள தேடிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

கே: தாள பலகையில எப்படி ஒட்டறது?

பலகை மேல மொதல்ல மாஸ்கிங் டேப், அதுக்கு மேல பசங்க வச்சிருக்கற குளூ ஸ்டிக் தடவி தாள ஒட்டுங்க. வெட்டி முடிச்சு டேப்ப உரிச்சா தாளும் சேந்து வந்துடும், மரத்துல பசை கறை இருக்காது. நேரா ஃபெவிகால் போட்டு ஒட்டிடாதீங்க, சொரண்டியே வாழ்க்கை போயிரும். மழை நாள்ல இங்க பசை காய மாட்டேங்குது, தாள் கொப்புளம் கொப்புளமா எழும்பும், அப்ப ஹேர் ட்ரையர் ரெண்டு நிமிசம்.

கே: நேரா தள்றேன், ஆனா வெட்டு ஒரு பக்கமாவே இழுத்துட்டுப் போகுது. மிஷின் கோளாறா?

இல்லைங்க. பிளேடு செய்யறப்ப தகட்ட அழுத்தி பல்லு எடுக்கறாங்க, அதனால ஒரு பக்கம் மட்டும் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிக்கும், அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலா வெட்டும். உலகத்துல ஓடற எல்லா ஸ்க்ரோல் சாவுக்கும் இது உண்டு. பலகைய நேரா தள்ளாம சில டிகிரி சாச்சுத் தள்ளுங்க, கோடு நேரா விழும். நாலு நாள்ல கை தானா அந்தச் சாய்வுக்கு பழகிடும், எங்க ஊர் பஸ் டிரைவருங்க ஸ்டியரிங்க எந்நேரமும் ஒரு பக்கம் புடிச்சுட்டே பேசிட்டு வர்ற மாதிரி.

கே: பிளேடு அடிக்கடி உடையுது, ஒரு டஜன் ஒரே வாரத்துல காலி.

தள்றீங்க. வேற ஒண்ணும் இல்ல.

பிளேடு முன்னாடி பாருங்க, நீங்க தள்றப்ப அது பின்னாடி வில்லா வளையுதா? வளைஞ்சா அது தின்ற வேகத்த விட அதிகமா ஊட்டறீங்க. குழந்தைக்கு சோறு ஊட்டற மாதிரிதான், வாயில இருக்கறத முழுங்கின பிறகு அடுத்த வாய். அப்புறம் பிளேடு மழுங்கினது தெரியாம ஓட்டிட்டே இருக்கறது, அது இன்னொரு காரணம். ஒரு பிளேடு மணிக்கணக்கா வராது, எனக்கு முக்கா இஞ்ச் கெட்டி மரத்துல இருவது நிமிசம் வந்தா பெரிசு. முன்ன விட அழுத்தித் தள்ள வேண்டி வருதேனு கைக்குத் தெரிஞ்ச நிமிசம் மாத்திடுங்க, பிளேடுல கஞ்சத்தனம் பாத்தா மரம் வீணாகும்.

கே: வெட்டின ஓரம் கருப்பா கருகுது?

வேகத்த குறைங்க, புது பிளேடு போடுங்க, ஒரே இடத்துல நின்னு யோசிக்காதீங்க. தேக்கு மாதிரி கெட்டி மரத்துக்கு, ஒட்டின தாளுக்கு மேல பார்சல் கட்டற ஒளி ஊடுருவற டேப்ப ஒட்டிட்டு வெட்டிப் பாருங்க, கருகறது நல்லாவே குறையும்.

கே: இங்க கிடைக்கற மரத்துல எது நல்லது?

பழகறதுக்கு பேக்கிங் பெட்டி பைன் மரமும் 6 மி.மீ. ப்ளைவுட்டும். மேட்டுப்பாளையம் மர டிப்போ பக்கம் போனா மலைவேம்பு கிடைக்கும், மெத்துனு வெட்டும், விலையும் கடிக்காது.

நம்ம எஸ்டேட்ல டீ செடிக்கு நிழலுக்கு நிக்குதே சில்வர் ஓக், அத சாதாரணமா நினைக்காதீங்க. சரியான வாட்டத்துல அறுத்த பலகைய வெளிச்சத்துல சாச்சுப் பாத்தா மீன் செதில் மாதிரி பளபளனு ஒரு பூ வேலை தெரியும், பாலிஷ் போடாமயே அழகு. ஆனா அதோட தூள் சிலருக்கு தோல்ல அரிப்பு கொண்டு வரும், எனக்கே முழங்கைக்கு உள்பக்கம் தடிச்சுப்போச்சு, அதுல இருந்து முழுக்கைச் சட்டை. கற்பூர மரம், அதாங்க யூகலிப்டஸ், அறுத்த பிறகு முறுக்கிக்கும், வெடிக்கும், அது அடுப்புக்குத்தான் லாயக்கு. சீகை மரம் (வாட்டில்) கெட்டி, பிளேட தின்னும்.

எங்க தோட்டத்துலயே மரம் இருக்கே, வெட்டிக்கலாமானு கேக்கறவங்களுக்கு: முடியாது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955ல இருந்தே இருக்கு, பட்டா நிலமானாலும் அனுமதி வாங்காம வெட்டக்கூடாது. ஈட்டி மரத்துக்கு 1994ல தனிச் சட்டமே போட்டாங்க. யாராச்சும் ரோட்டோரம் ஈட்டித் துண்டு சல்லிசா தர்றேன்னா திரும்பிப் பாக்காம போங்க. பழைய வீடு பிரிக்கறப்ப வர்ற உடைஞ்ச நாற்காலி, கதவுச் சட்டம், இது போதும்.

இன்னொரு புதையல் பழைய டீ பெட்டி. இப்ப எல்லாம் பேப்பர் சாக்கு, முன்ன டீத்தூள் ப்ளைவுட் பெட்டியிலதான் போகும், இன்னும் சில வீட்டுல துணி போட்டு வச்சிருப்பாங்க. அந்த ப்ளைவுட் மெல்லிசா, காஞ்சு கணகணனு இருக்கும், வெட்ட அருமை. ஓரத்துல தகரப் பட்டை, அதுல வரிசையா குட்டி ஆணி, ஒண்ணு விடாம புடுங்கிட்டு காந்தம் வச்சு ஒருக்கா தடவிட்டு வெட்டுங்க.

கே: பனியும் ஈரமுமா இருக்கே, மிஷினும் மரமும் என்ன ஆகும்?

இது சமவெளிக்காரங்க வீடியோ போட்டா சொல்ல மாட்டாங்க. கூடலூர், தேவாலா பக்கம்னா ஆனி ஆடி மழை, நம்ம குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகை மழை, அது போக சும்மாவே மேகம் வீட்டுக்குள்ள வந்துட்டுப் போகும்.

மொதல்ல டேபிள். இரும்பு டேபிள்ல ஒரே வாரத்துல செம்மண் பூசின மாதிரி துரு. வேலை முடிஞ்சதும் துடைச்சு மெழுகுவத்திய நல்லா தேச்சு துணியால மெருகு ஏத்திடுங்க, துருவும் புடிக்காது, பலகையும் வழுக்கிட்டுப் போகும். எண்ணெய் தடவாதீங்க, அது மரத்துல ஏறி அப்புறம் பாலிஷ் ஒட்டாது. பிளேடுகள மூடி போட்ட மாத்திரை டப்பால, செருப்பு பெட்டியில வர்ற சிலிக்கா பொட்டலம் ஒண்ணு போட்டு வைங்க. நான் பலகைங்க வைக்கற அலமாரியில குண்டு பல்ப் ஒண்ணு எரிய விட்டிருக்கேன், கல்யாண ஆல்பத்துல பூஞ்சை ஏறாம இருக்க எங்கம்மா பண்ணின அதே வித்தை.

அப்புறம் மரம். கீழ மேட்டுப்பாளையம் வெயில்ல காஞ்ச பலகைய மேல கொண்டு வந்த அன்னிக்கே வெட்டினீங்கனா, அது இங்க ஈரம் குடிச்சு ஊதும். ரெண்டு மூணு வாரம் வீட்டுக்குள்ள, பலகைக்கு நடுவுல குச்சி குச்சியா வச்சு அடுக்கி, காத்து போற மாதிரி விட்டுட்டு அப்புறம் தொடுங்க. நான் கார்த்திகை மழையில ஒரு பசில் வெட்டி, துண்டு துண்டா பொருந்தி சும்மா கச்சிதமா இருந்துச்சு, மதுரைக்கு தங்கச்சி பையனுக்கு அனுப்பினேன், பங்குனி மாசம் அவன் வீடியோ கால்ல பசில தூக்கிக் காட்டறான், எல்லாம் பொலபொலனு கொட்டுது. மாமா நீ ஒழுங்கா வெட்டலனுட்டான்.

கே: விரல் போயிருமா?

பெரிய வட்ட ரம்பம் மாதிரி தூக்கி அடிக்கற மிஷின் இல்ல இது, மத்ததோட பாத்தா சாதுதான். ஆனா பிளேடுக்கு நேர் எதிர்ல விரல வச்சுத் தள்ளினீங்கனா கிழிக்கும், அதனால விரல் ரெண்டு பக்கமும்தான் இருக்கணும்.

எங்க ஊருக்குனு சில விஷயம் இருக்கு. மார்கழி தை காலையில கை விறைச்சுக் கெடக்கும், அப்ப உக்காராதீங்க, கைய நல்லா சூடு பண்ணிக்கங்க, ஆனா கையுறை போட்டுட்டு வெட்டக்கூடாது, உணர்வே தெரியாது. மப்ளர், சால்வை, தொங்கற ஸ்வெட்டர் கை எல்லாம் கழட்டி வச்சுட்டு வாங்க.

கரண்ட். இங்க காத்தடிச்சா மரம் விழும், மரம் விழுந்தா கரண்ட் போகும், எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. ஒரு தடவை பாதி வெட்டுல கரண்ட் போச்சு, நான் ஸ்விட்ச அணைக்காம டீ குடிக்கப் போயிட்டேன், திரும்பி வந்து பிளேட கழட்டலாம்னு கைய வைக்கப் போறேன், ஒரு ரெண்டு விரற்கடை தூரம்தான், கரண்ட் வந்து டர்ர்ர்னு ஓட ஆரம்பிச்சிருச்சு. அன்னிக்கு புடிச்ச நெஞ்சு படபடப்பு ராத்திரி வரைக்கும் போகல. கரண்ட் போனா மொத வேலை ஸ்விட்ச், ரெண்டாவது பிளக்க புடுங்கறது.

தூள்தான் எனக்குத் தெரிஞ்சு நிஜமான ஆபத்து. குளிருக்கு கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு வெட்டறோம், அந்த மாவு மாதிரி தூள் அங்கயே சுத்தும், எம்.டி.எஃப்., அதாவது மர நார அமுக்கி செஞ்ச பலகைனா, அதுல பிசின் வேற. என்95 மாஸ்க் போடுங்க, கண்ணாடி போடுங்க. மிச்சத் துண்டுங்கள கணப்புல போடறப்ப வெறும் மரத்த மட்டும் போடுங்க, ப்ளைவுட்டும் எம்.டி.எஃப்.பும் எரிச்சா வர்ற புகை நல்லதில்ல.

கே: பக்கத்து வீட்டுக்கு சத்தம் கேக்குமா?

லைன் வீடுனா கேக்கும். மோட்டார விட மேசை அதிர்ற சத்தம்தான் அதிகம். மிஷின் காலுக்கு அடியில பழைய டயர் டியூப வெட்டி ரெண்டு மடிப்பா வச்சு, மேசையோட போல்ட் போட்டு இறுக்குங்க. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் வேண்டாம்.

கே: பாலிஷ் போட்டா வெள்ளை பூத்துப் போகுதே?

மேகம் இறங்கின நாள்ல ஸ்பிரிட் பாலிஷோ லேக்கரோ அடிச்சா அப்படித்தான், ஸ்பிரிட் ஆவியாகறப்ப அந்த இடம் குளிர்ந்து காத்துல இருக்கற ஈரம் உள்ள மாட்டிக்கும். வெயில் அடிக்கற நாளா பாத்து பதினோரு மணிக்கு மேல, நாலு மணிக்கு முன்ன முடிச்சுடுங்க. நான் இப்ப எழுத்துங்களுக்கு லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய்தான், சந்து பொந்தெல்லாம் தானா போயிடும், குளிருக்கு காய ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான். ஆனா அந்த எண்ணெய் துடைச்ச துணிய சுருட்டி மூலையில போடாதீங்க, தானா சூடாகி தீப்புடிக்கும், நெசமாவே. விரிச்சு வெளிய கொடியில காயப் போட்டு அப்புறம் எறியுங்க. தேங்கா எண்ணெய் தடவலாமானு கேட்டாங்க, அது காயவே காயாது, நாளானா சிக்கு வாடை வரும், அதுவும் இல்லாம மார்கழியில பாட்டில்லயே உறைஞ்சு நிக்குது.

கே: பசங்க ஓட்டலாமா?

என் பொண்ணு பத்து வயசுல இருந்து என் பக்கத்துல உக்காந்து ஓட்டறா. ஸ்விட்ச் என் கையில. தனியா விட மாட்டேன்.

கே: தோடர் எம்பிராய்டரி டிசைன மரத்துல வெட்டி டூரிஸ்ட்டுக்கு விக்கலாமா?

இத நாலஞ்சு பேரு கேட்டுட்டாங்க. அந்த சிவப்பு கருப்பு கட்டம் கட்டமான டிசைன் ஸ்க்ரோல் சாவுக்கு நல்லாத்தான் வரும். ஆனா அது அவங்க போர்வை, அவங்க வீட்டுப் பொம்பளைங்க நூல எண்ணி எண்ணிப் போடற வேலை, 2013ல புவிசார் குறியீடும் வாங்கிருக்கு. அவங்க யாரையும் கேக்காம அத வெட்டி தோடர் கலைனு பேர் போட்டு விக்கறது எனக்கு ஒப்பல. விக்க வேற எவ்வளவோ இருக்கு, மலை ரயில், டீ கொழுந்து, வீட்டுப் பேர். வீட்டுப் பேருக்குத்தான் ஆர்டர் நிறைய வருது, ஹோம்ஸ்டே நடத்தறவங்க எல்லாம் தமிழ்லயும் ஒரு பலகை வேணும்ங்கறாங்க.

கே: உடைஞ்ச பிளேட எல்லாம் என்ன பண்றது?

மொட்டை ஆனத வச்சு பசை புடிச்ச சந்து நோண்டலாம், களிமண் பொம்மைக்கு கோடு போடலாம். மிச்சத்த குப்பையில சும்மா வீசாதீங்க, அள்ள வர்றவங்க கைய கிழிக்கும், அது போக ராத்திரி ஆனா கரடி வந்து கவுத்துப் போட்டு கிளறுற ஊரு இது. எங்க வீட்டுல ஒரு பழைய பவுடர் டப்பா, மூடில சந்து வெட்டி உண்டியல் மாதிரி வச்சிருக்கேன், உடைஞ்சதெல்லாம் அதுக்குள்ள. அஞ்சு வருசத்துல முக்கா டப்பா ரொம்பிருக்கு, அதுல பாதி மொத வருசத்துலயே போட்டது.